பின்புலம் சரியில்லை

“பேக்ரவுண்ட் சரியில்லம்மா.”

ஒரு கல்லூரி மாணவி எடுத்த படத்துக்கு ஒரு நடுவர் வழங்கிய தீர்ப்பு இது. இடம்: ஒரு புகைப்படக் கழகத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கழகத்தின் பெயர் வேண்டாம். எல்லா மாவட்டத் தலைநகரிலும் அப்படி ஒன்று இருக்கிறது. பெரிய லென்ஸ், பறவை, கோயில் கோபுரம், சுருக்கம் விழுந்த கிழவியின் முகம், மாட்டுப்பொங்கல். மாதம் ஒரு தலைப்பு, தலைப்புக்கு மூன்று பரிசு.

படத்தில் இருந்தது அவளுடைய அம்மா. கழனி வேலைக்குப் போய் வந்து வீட்டு வாசலில் நிற்கிறார். பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவர், தகரக் கதவு, வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள், கொடியில் துணி, பாதி கிழிந்த ஓர் அம்பேத்கர் சுவரொட்டி. நடுவர் விளக்கமும் கொடுத்திருக்கிறார்: குடம் கண்ணை இழுக்கிறது, கொடிக்கயிறு தலையை வெட்டுகிறது, அம்மாவை ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போய் எடுத்திருந்தால் ‘நீட்டா’ வந்திருக்கும்.

என்னிடம் வந்து சொன்னபோது அவள் அழவில்லை. சிரித்தாள். “எங்க தெருவுல ஏதுண்ணா மரம்?”

பின்புலம் சரியில்லை என்பது நமக்கென்ன புதிய வாக்கியமா தோழர்களே? வீடு வாடகைக்குக் கேட்டுப் போனபோது கேட்டிருக்கிறோம். வேலைக்கான நேர்காணலில் அப்பாவின் தொழிலைக் கேட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்களே, அங்கே கேட்டிருக்கிறோம். காதல் கல்யாணத்தில் கேட்டிருக்கிறோம், சில பேர் வெட்டுப்பட்டும் கேட்டிருக்கிறார்கள். இப்போது படத்துக்கும் வந்துவிட்டது. சேரியை அழித்துவிட்டுச் சேரிப் பெண்ணை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு வா, அழகு பார்க்கலாம் என்கிறது இந்த அழகியல்.

இப்படியே எழுதிக்கொண்டு போயிருந்தால் இந்தக் கட்டுரை சுலபமாக முடிந்திருக்கும். ஆதிக்க அழகியல் ஒழிக, எதிர் அழகியல் வாழ்க என்று இரண்டு பக்கம். எழுதவும் ஆரம்பித்தேன். நிறுத்தினது அந்தப் பொண்ணுதான்.

நம் இரவுப் பாடசாலைத் திண்ணையில் மாதத்துக்கு ஒருமுறை படம் பார்க்கிறோம். நூல் கட்டி, துணி கிளிப் போட்டு, பிரிண்ட்டுகளைத் தொங்கவிடுவோம். பெரும்பாலும் செல்போனில் எடுத்தவை. ஒன்றிரண்டு பேரிடம் பழைய கேமரா உண்டு. கழகத்தில் அடிபட்ட படத்தை அவள் இங்கே கொண்டுவந்து மாட்டினாள். நம் ஆட்கள் பேசினார்கள் பாருங்கள்! ஒருவர் ‘வலி’ என்றார். இன்னொருவர் ‘இது ஒரு கலகப் பிரதி’ என்றார். நான் என் பங்குக்கு விளிம்பு, மையம் என்று கால்மணி நேரம். கைதட்டல் வேறு.

எல்லாம் அடங்கியதும் அவள் கேட்டாள்: “எங்கம்மா மூஞ்சி தெரியலையேண்ணா. கருப்பா இருட்டடிச்சிக் கெடக்கு. கழகத்துல இருக்கறவங்க குடத்தப் பாத்தாங்க. நீங்க சுவரொட்டியப் பாத்தீங்க. மூஞ்சி தெரியலன்னு ஒருத்தர்கூட ஏன் சொல்லல?”

எனக்குத் தெரிந்திருந்தது. முதல் பார்வையிலேயே தெரிந்தது. சொல்லவில்லை. நம்ம வீட்டுப் பொண்ணு, இப்பத்தான் எடுக்க ஆரம்பிச்சிருக்கு, மனசு உடையும் என்று விட்டேன். இதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் இதுவும் இன்னொரு வகைத் தீண்டாமைதான். ‘இவங்களால இவ்ளோதான் முடியும், இதுக்கே கைதட்டணும்’ என்று மனதுக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டு மேலே பாராட்டைத் தூவுவது. கழக நடுவராவது அந்தப் படத்தைச் சமமான படமாக எடுத்துக்கொண்டு குறை சொன்னார். நான் அதையும் செய்யவில்லை.

ஒரு தோழர் என்னோடு ஒப்பவில்லை. “கேமரா இப்பத்தான் நம்ம கைக்கு வந்திருக்கு. மொதல்ல எடுக்கட்டும். விமர்சனமெல்லாம் பத்து வருஷம் கழிச்சிப் பாத்துக்கலாம்” என்றார். பறை கற்றுக்கொடுக்கிற பெரியவர்களைப் பார்த்ததில்லையா அவர்? ஓர் அடி தப்பினால் கையைப் பிடித்து நிறுத்துவார்கள். தோலைக் காய்ச்சாமல் எடுத்தால் தூக்கி வைக்கச் சொல்லிவிடுவார்கள். ‘நம்ம பையன், பரவால்ல, அடிக்கட்டும்’ என்று எந்த வாத்தியாரும் விட்டதில்லை. விட்டிருந்தால் அடவு நம் கைக்கு வந்து சேர்ந்திருக்காது. கவிதை என்றால் ஒருவரை ஒருவர் நாலு பக்கத்துக்குக் கிழிக்கத் தெரிந்த நமக்குப் படம் என்றதும் ‘சூப்பர் தோழர்’ என்ற இரண்டு சொல்லுக்கு மேல் வாய் வருவதில்லை. காரணம் அன்பு இல்லை, அறியாமை. ஒளியைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது.

சரி, அவள் அம்மா முகம் ஏன் இருட்டாச்சு?

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு ஆளும் தெரியாது, சுவரும் தெரியாது. மேலே விழும் ஒளியில் நூற்றுக்கு 18 பங்கைத் திருப்பியனுப்பும் நடுத்தரச் சாம்பல்தான் உலகம் என்பது பாடப்புத்தகத்தில் அதற்குச் சொல்லப்படும் கணக்கு. வெயிலடிக்கும் வெள்ளைச் சுவர் முக்கால் படத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஐயோ வெளிச்சம் அதிகம் என்று அது ஒளியைக் குறைக்கிறது. சுவர் சாம்பலாகிறது. கூரை நிழலில் நிற்கும் கறுத்த முகம் மையாகிறது. இதுவே கறுத்த முகம் சட்டகம் முழுக்க நிறைந்திருந்தால் தலைகீழ்: இருட்டு அதிகம் என்று ஒளியை ஏற்றி, பளபளக்கும் தோலைச் சாம்பல் பூசினாற்போல் வெளுக்க வைத்துவிடும். முதல் வகைக்கு ஒளியைக் கூட்டணும், இரண்டாவதுக்குக் குறைக்கணும். செல்போன் என்றால் திரையில் முகத்தின் மேல் விரலை வைத்தால் பெரும்பாலானவற்றில் பக்கத்தில் ஒரு சூரியன் வரும், அதை மேலே தள்ளு, கீழே இழு. இவ்வளவுதான் சங்கதி. முகத்தைத் தானே கண்டுபிடிக்கும் செல்போன்கள் வந்துவிட்டன என்பார்கள். வந்திருக்கின்றன. முகம் சின்னதாய், சுவர் பெரிசாய் இருந்தால் அவையும் தடுமாறத்தான் செய்கின்றன.

இதில் அரசியல் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வண்ண பிலிம் காலத்தில், படம் கழுவும் கூடங்களுக்கு கோடாக் நிறுவனம் மாதிரி அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். ‘ஷெர்லி அட்டை’ என்றே அதற்குப் பெயர். ஷெர்லியின் தோல் சரியாக வந்தால் நிறம் சரி. நாம் எப்படி வந்தாலும் நிறம் சரிதான்! லோர்னா ரோத் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் இதைத் தோண்டி எடுத்து 2009இல் எழுதினார். அவர் காட்டும் வேடிக்கை என்னவென்றால், கறுப்புத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடக் குழுப்படத்தில் வெறும் கண்ணும் பல்லுமாய்த் தெரிவதைப் பார்த்துப் பார்த்துச் சகித்துக்கொண்டிருந்தார்கள். பிலிமை மாற்றக் கம்பெனியை நெருக்கியதில் சாக்லேட் செய்பவர்களுக்கும் மரச்சாமான் விற்பவர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. பழுப்பில் இருக்கும் பேதம் விளம்பரத்தில் தெரியவில்லையாம். மனுஷத் தோலுக்குக் கிடைக்காத மரியாதை தேக்குக்குக் கிடைத்தது.

ஆக ‘இருட்டா இருக்கு’ என்ற விமர்சனம் வெறும் தொழில்நுட்பமும் இல்லை, வெறும் அரசியலும் இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரியணும். ‘இந்தக் கருவி உன் அம்மாவுக்காகச் செய்யப்பட்டதில்லை, அதனால நீதான் அதைத் திருத்தணும், இப்படித் திருத்து’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் நான் விளிம்பு, மையம் என்று உளறிக்கொண்டிருந்தேன்.

விமர்சனம் வாங்கிக்கொண்ட கதையையும் சொல்லணும். நானும் படம் எடுக்கிறவன்தான். மார்கழிப் பனியில் பஸ் நிலையத்தில் கூட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மாவை எடுத்தேன். தூரத்துச் சொந்தம். பின்னாலிருந்து எடுத்த படம். சோடியம் விளக்கின் மஞ்சள், தூசி கதிர்கதிராய் எழும்ப, குனிந்த முதுகு, நீண்ட துடைப்பம். ஒரு போட்டியில் மூன்றாம் பரிசு, ஆயிரம் ரூபாய். பெருமையாய் ஒரு பிரதி போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இது நானாடா? தொடப்பம் நல்லா விழுந்திருக்கு.”

அப்புறம், “படம் எடுக்கறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா தலை சீவிக்கிட்டு வந்திருப்பேன்ல” என்றார். அப்புறம், “பரிசுல எனக்கு எவ்ளோ?” பாதியைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டார். எந்த நடுவரும் எனக்கு இத்தனை சுருக்கமாக, இத்தனை சரியாக விமர்சனம் எழுதியதில்லை. அந்தப் படத்தில் ஆள் இல்லை, துடைப்பம்தான் இருந்தது.

இதற்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்துக்குக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ஆட்களைப் பிடித்து நிறுத்தி மூக்கை அளந்தார், மண்டையை அளந்தார், படம் பிடித்தார். 1909இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் வந்தன. அந்தப் படங்களில் பெரும்பாலும் ஆளுக்குப் பெயர் கிடையாது, சாதிக்குத்தான் பெயர். இப்போது ‘தூய்மைப் பணியாளர், அதிகாலை’ என்று தலைப்பு வைத்துப் போட்டிக்கு அனுப்புகிறோமே, அதில் மட்டும் பெயர் இருக்கிறதா? நான் வைத்த தலைப்பும் கிட்டத்தட்ட அதுவேதான். வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

கழகங்களில் இன்னொரு குறை சொல்வார்கள்: ‘ஸ்டிஃப்பா நிக்கறாங்க, கேமராவப் பாக்கறாங்க, இயல்பா இல்ல.’ நம் ஜனங்கள் படம் என்றால் சட்டையை மாற்றிக்கொண்டு, எண்ணெய் தடவிச் சீவி, நிமிர்ந்து, நேராக லென்ஸைப் பார்த்துத்தான் நிற்பார்கள். ஸ்டுடியோவில் அப்படித்தான் நின்றார்கள். எதிரே ஆண்டை வந்தால் குனிந்து ஒதுங்க வேண்டியிருந்த உடம்புக்கு நிமிர்ந்து நிற்கக் கிடைத்த சில இடங்களில் ஸ்டுடியோவும் ஒன்று. பிரெடெரிக் டக்ளஸ் இதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார். அடிமையாய்ப் பிறந்து தப்பியவர். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவிலேயே அதிகமாய்ப் படமெடுக்கப்பட்ட மனிதர் அவர் என்கிறார்கள். கிட்டத்தட்ட 160 படங்கள் கிடைத்திருக்கின்றன, லிங்கனின் படங்களைவிட அதிகம். நல்ல கோட்டு, கறாரான முகம், சிரிப்பு அபூர்வம். சந்தோஷமான அடிமை என்ற பொய்ப் படத்துக்கு அவர் கொடுத்த பதில் அது. அம்பேத்கரின் கோட்டையும் டையையும் புரிந்துகொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதனால் ‘இயல்பா இல்ல’ என்று சொல்வதற்கு முன்னால் யாருடைய இயல்பு என்று கேட்கணும். பெரியம்மாவின் இயல்பு தலை சீவிக்கொண்டு நிற்பது. குனிந்து கூட்டுவது அவருக்கு வேலை.

விமர்சனம் என்பது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது கார்டன் பார்க்ஸின் கதை. கறுப்பர். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். அடகுக்கடையில் கேமரா வாங்கிப் பழகியவர். 1942இல் வாஷிங்டனில் அரசின் புகைப்படப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வருகிறார். தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர், வெள்ளையர். முதலில் அவர் செய்தது கேமராவை வாங்கி வைத்துக்கொண்டது. போய் ஒரு கோட்டு வாங்கு, ஓட்டலில் சாப்பிடு, சினிமா பார் என்று அனுப்பினார். மூன்று இடத்திலும் பார்க்ஸைத் துரத்தினார்கள். கொதிப்போடு திரும்பியவரை, இதே கட்டடத்தில் கூட்டும் அம்மாவிடம் போய்ப் பேசு என்றார். எல்லா வாட்சன் என்ற அந்தப் பெண்மணியை அமெரிக்கக் கொடியின் முன்னால், ஒரு கையில் துடைப்பமும் பக்கத்தில் மாப்புமாக, நேரே பார்க்க நிறுத்தி எடுத்தார் பார்க்ஸ். உலகம் முழுக்கத் தெரிந்த படம். ஸ்ட்ரைக்கர் மிரண்டார். நம்ம எல்லார் வேலையும் போயிடும் என்றார். ஆனால் கூடவே, அந்த அம்மாவை விடாதே, தொடர்ந்து எடு என்றும் சொன்னார். பார்க்ஸ் அவர் வீட்டுக்குப் போனார். பேரப்பிள்ளைகளோடு, சர்ச்சில், சமையலறையில் என்று எடுத்தார். முதல் படம் கொஞ்சம் மிகையாகப் போய்விட்டது என்று பார்க்ஸே பிற்பாடு எழுதியிருக்கிறார்.

‘தொடர்ந்து எடு.’ இதைவிட உதவியான விமர்சனம் உண்டா? ஆனால் ஸ்ட்ரைக்கரைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் முடியாது. தனக்குப் பிடிக்காத நெகட்டிவ்களில் ஓட்டை போட்டவர் அதே மனிதர்தான். பார்க்ஸ் வருவதற்கு முந்தைய வருடங்களில், மற்றவர்கள் எடுத்த படங்களின் நடுவில், வயலில், வீட்டில், சில சமயம் முகத்திலேயே கருவட்டம் விழுந்தது. அந்த நெகட்டிவ்கள் இன்னும் வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன.

நாமும் ஓட்டை போட்டிருக்கிறோம். இதை எழுதக் கை கூசுகிறது. ஏரிக்கரையில் மீன்கொத்தி எடுக்கிற ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். பத்தாவது படிப்பு. பழைய கேமராவில், காலை நான்கு மணிக்கே எழுந்து போய், சேற்றில் படுத்து எடுத்த படங்கள். மீன்கொத்தி தண்ணீரைக் கிழிக்கும் அந்த நொடியைப் பிடித்திருந்தான். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? “படம் நல்லாருக்கு தம்பி, ஆனா இதுல அரசியல் எங்க? உன் தெருவுல சாக்கடை ஓடுதே, அத எடு.” அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதம் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. நாலு வருஷமாச்சு. தெருவில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறான்.

ஊர்த்தெருப் பையன் பறவையை எடுத்தால் அது ரசனை. சேரிப் பையன் எடுத்தால் மட்டும் கடமை தவறியதாகிவிடுமா? அந்த ஏரியில் நமக்கு மீன்பிடிப் பங்கு கிடையாது, ஒரு காலத்தில் குளிக்கவும் விட்டதில்லை. அந்தக் கரையில் படுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா பறவையைப் பார்க்கிறான் என்றால் அதில் அரசியல் தேட வேறெங்கே போகணும்? துயரம் மட்டும்தான் உன் பாகம் என்று அவனுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தோம். மரத்தடிக்குப் போ என்று சொன்ன கழகத்துக்கும், சாக்கடைக்குப் போ என்று சொன்ன நமக்கும் எவ்வளவு தூரம்?

ஒரு விஷயம் மட்டும் தனி. தாக்குதல் நடந்த இடத்தில் எடுக்கும் படம் வேறு. அங்கே மூன்றில் ஒரு பங்கு விதியும் வேண்டாம், மீன்கொத்தியின் பொறுமையும் வேண்டாம். எரிந்த வீடு என்றால் முதலில் தெருவோடு சேர்த்துத் தூரத்திலிருந்து, பிறகு வாசல், கதவு எண், பிறகு உள்ளே. வண்ணம் ஏற்றாதே, வெட்டாதே, மூலக்கோப்பை அழிக்காதே. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டாலும் மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தின் 63ஆம் பிரிவு. வாட்ஸ்அப்பில் நாலு கை மாறிய படத்தைவிட எடுத்த போனிலேயே கிடக்கும் மங்கல் படம் மேல். அழுதுகொண்டிருக்கும் தாயின் முகத்துக்குக் கிட்டே போய் எடுத்து வந்தவனிடம் ‘ஃபோகஸ் அருமை’ என்று சொல்பவரைத் திண்ணையைவிட்டு இறக்கிவிடலாம் என்பது என் கருத்து. அவனிடம் கேட்க வேண்டியது, அந்த அம்மா உன்னைப் பார்த்தாரா, என்ன சொன்னார் என்பதுதான்.

இப்போது திண்ணையில் கொஞ்சம் மாற்றியிருக்கிறோம். எடுத்தவர் முதலில் வாய் திறக்கக் கூடாது. படத்தில் இருப்பவர் வந்திருந்தால் அவர்தான் முதலில் பேசுவார், இல்லாவிட்டால் அவர் வீட்டு ஆள். ‘நல்லாருக்கு’ என்று மொட்டையாகச் சொன்னால் டப்பாவில் ஒரு ரூபாய். அதிகம் போட்டது நான்தான். முடிந்தால் எடுத்த இடத்துக்கே போய் நின்று பார்க்கிறோம். இரண்டடி இந்தப் பக்கம் நகர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது பேசிப் புரிவதில்லை, நின்றால் புரிகிறது. தெருப் பெண்கள் இரக்கமே பார்ப்பதில்லை. “வயித்த ஏன் இப்டி எடுத்து வெச்சிருக்க?”, “எம் பொண்ணு வயசுக்கு வந்தவ, இத எவன் எவன் பாக்கறான்?” இந்தக் கேள்விகளுக்கு எந்தப் புகைப்படக் கையேட்டிலும் பதில் கிடையாது. மலக்குழிச் சாவுகளைப் பல வருஷமாய்ப் படமெடுத்துவரும் மதுரை எம்.பழனிக்குமார், உழைக்கும் வீட்டுப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துச் சொல்லித்தருகிறார். அந்தப் பிள்ளைகளின் படங்களைப் பார்க்கும்போது, எடுத்தவருக்கும் எடுக்கப்பட்டவருக்கும் நடுவே இருக்கும் தூரம்தான் முதலில் கண்ணில் படுகிறது. அல்லது அந்தத் தூரம் இல்லாதது.

போன மாதம் அந்தப் பொண்ணு அம்மாவை மறுபடி எடுத்துக்கொண்டு வந்தாள். அதே வாசல், அதே சுவர், அதே குடங்கள். ஆனால் சாயங்கால நேரம், சுவரில் வெயில் இறங்கிவிட்டது. முகத்தில் விரல் வைத்து ஒளியை ஏற்றியிருக்கிறாள். நெற்றிச் சுருக்கம் தெரிகிறது, மூக்குத்தி மின்னுகிறது. அம்மா நேரே பார்க்கிறார். கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவை. நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை, விதிப்படி.

அம்மா படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார். “மூஞ்சி நல்லா வந்திருக்கு” என்றார். அப்புறம், “ஆனா அந்தப் பச்சக் கொடத்தக் கொஞ்சம் தள்ளி வெச்சிருக்கலாம். ஓட்டக் கொடம் அது, ஊரெல்லாம் பாக்கப் போவுது.”

“அதத்தாம்மா அந்தக் கழகத்து ஆளும் சொன்னாரு.”

“அவரு என்னா சொன்னா என்னா. கொடம் என்னுது.”